கசிவோடு நிற்காத அளவு

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு கேட்டபோது, "வாயு சீல்களும் ரோட்டார் அதிர்வும்" என்று எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு நுணுக்கமான பொருள் பொது அவைக்குப் பொருந்துமா என்ற தயக்கம் ஏற்பாட்டாளர்களுக்கு இருந்தது. அம்பத்தூரில் பொருந்தும் என்று சொன்னேன். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. பாடியிலிருந்து பூந்தமல்லி வரை இன்று லேத், கிரைண்டிங், பேலன்சிங் வேலை நடக்காத தெரு குறைவு. மைக்ரான் என்றால் என்ன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சீல் நல்லதா கெட்டதா என்பதை நாம் கசிவை வைத்தே முடிவு செய்கிறோம். ஆனால் சீல் கசிவை அடக்கும்போதே ஷாஃப்டைத் தள்ளவும் செய்கிறது. அந்தத் தள்ளுவிசை எவ்வளவு, எந்தத் திசையில் என்று அளக்காதவரை அந்தச் சீலைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதிதான்.

சீலுக்குள் நடப்பது

கம்ப்ரசரையோ டர்பைனையோ திறந்து பார்த்தவர்களுக்கு லேபிரிந்த் சீல் தெரியும். ஷாஃப்டைச் சுற்றி ஒரு வளையம். அதன் உட்புறம் வரிசையாகக் கூர்மையான பற்கள். பல்லின் நுனிக்கும் ஷாஃப்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ இடைவெளி. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து வரும் வாயு ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் கொஞ்சம் அழுத்தத்தை இழக்கிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை, தேய்மானமும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் வடிவம் இது.

வாயு நீளவாக்கில் மட்டும் போனால் சிக்கல் இல்லை. ஆனால் சீலின் வாசலுக்கு வரும்போதே அது சுழன்றுகொண்டு வருகிறது. முன்னால் இருக்கும் இம்பெல்லர் அதைச் சுழற்றி அனுப்பியிருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகு ஷாஃப்டின் மேற்பரப்பும் அதை இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றும், ஏதோ காரணத்தால் 10 மைக்ரான் வலப்பக்கம் விலகியது என்றும் வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்து இடைவெளி குறுகிவிட்டது. கீழிருந்து சுழன்று மேலேறும் வாயு அந்தக் குறுகலை நோக்கி நெருங்குகிறது. குறுகலுக்கு முன்னால் அழுத்தம் கூடுகிறது. அதைத் தாண்டியபின் குறைகிறது. கீழே கூடுதல், மேலே குறைவு. ஆகவே வலப்பக்கம் விலகிய ஷாஃப்டை வாயு மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே போனால் இடப்பக்கம், இடப்பக்கம் போனால் கீழே என்று, ஷாஃப்ட் சுழலும் திசையிலேயே அதன் மையத்தையும் வட்டமாகச் சுற்றவிடுகிறது. ஒரு திசையில் விலகினால் அதற்குக் குறுக்கான திசையில் பிறக்கும் இந்த விசையைக் குறுக்கு விறைப்பு என்பார்கள். வாயுவிடம் இன்னொரு குணமும் உண்டு. ஷாஃப்ட் வேகமாக நகர முயன்றால் அதை எதிர்க்கும். அது தணிப்பு. ஒன்று அதிர்வை வளர்க்கிறது, மற்றது அடக்குகிறது. எந்திரத்தின் கதி இந்த இரண்டில் எது பெரிது என்பதைப் பொறுத்தது.

ஓர் உதாரணக் கணக்கு. குறுக்கு விறைப்பு மீட்டருக்கு 20 லட்சம் நியூட்டன் என்று கொள்வோம். 10 மைக்ரான் விலகினால் குறுக்கே 20 நியூட்டன் தள்ளும். அதாவது சுமார் இரண்டு கிலோ எடை. பெரிய ரோட்டாருக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். தணிப்பு, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 2,000 நியூட்டன் என்றும், ரோட்டாரின் இயற்கை அதிர்வெண் விநாடிக்கு 100 என்றும் எடுத்துக்கொண்டால், தணிப்பின் எதிர்ப்பு சுமார் 12.6 லட்சம்தான் வரும். 20 லட்சம் தள்ளுகிறது, 12.6 லட்சம் தடுக்கிறது. பேரிங்குகள் கைகொடுக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெருத்துக்கொண்டே போகும்; சீலின் பற்கள் ஷாஃப்டில் உரசும்வரை போகும். வாயு நுழையும்போது இருக்கும் சுழற்சியைக் குறைத்து, குறுக்கு விறைப்பைப் பாதியாக்கிவிட்டால், அதே ரோட்டார் அமைதியாக ஓடும்.

பேலன்சிங் தீர்க்காத அதிர்வு

அதிர்வு என்றதும் நம் பட்டறைகளில் முதலில் வரும் சொல் பேலன்சிங். நியாயம்தான், பெரும்பாலான அதிர்வுகள் எடை சமனின்மையால் வருபவை. சீலால் வரும் அதிர்வு வேறு இனம். தவிலில் ஒலி கோலின் அடிக்கு அடி எழுகிறது. நாகஸ்வரத்தில் ஊதுபவரின் மூச்சு சீராகவே போகிறது, சீவாளிதான் தனக்கேற்ற சுருதியில் துடிக்கிறது. சமனின்மை அதிர்வு தவில் ஜாதி: ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஆடும். சீல் அதிர்வு நாகஸ்வர ஜாதி: வாயுவின் ஓட்டம் சீராக இருக்க, ரோட்டார் தன் இயற்கை அதிர்வெண்ணில் ஆடும். அந்த அதிர்வெண் பல நேரம் ஓட்ட வேகத்தில் பாதிக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இருக்கும்.

ஆகவே இதைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. ஷாஃப்டின் பக்கத்தில் செங்கோணத்தில் இரண்டு ப்ராக்ஸிமிட்டி ப்ரோப் வைத்து, அசைவைத் திரையில் வரைந்து பாருங்கள். சுற்றுக்கு ஒரு புள்ளி விழும்படி கீஃபேசரையும் இணையுங்கள். சமனின்மை மட்டும் இருந்தால் ஒரு நீள்வட்டம், அதில் ஓரிடத்தில் நிற்கும் ஒரே புள்ளி. சரியாகப் பாதி வேகத்தில் ஆடினால் இரண்டு புள்ளிகள் நிற்கும். பாதிக்குச் சற்றுக் கீழே என்றால் அந்த இரண்டு புள்ளிகளும் பாதையின்மேல் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். ஊரும் புள்ளிகளைக் கண்டால் பேலன்சிங் எடையைத் தேட வேண்டாம். இன்னொரு அடையாளம்: வேகத்தைத் தொடாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினாலே, ஒரு கட்டத்தில் இந்த அதிர்வு திடீரென்று எழும். அழுத்தம் ஏற ஏற வாயு அடர்த்தியாகிறது. அடர்ந்த வாயு பலமாகத் தள்ளுகிறது.

உலகம் கற்ற பாடம்

இது உலகத்துக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நீராவி டர்பைன்களில் பளு ஏறும்போது எழும் சுழல் அதிர்வை ஜெர்மனியில் தாமஸ் 1958இல் விளக்கினார். 1965இல் அமெரிக்காவில் ஆல்ஃபோர்டு, விமான எஞ்சின்களில் கண்ட அதேபோன்ற அதிர்வுக்குச் சீல்களும் பிளேடு நுனி இடைவெளிகளும் காரணமாகலாம் என்று எழுதினார். 1970களின் முற்பகுதியில் கனடாவின் கேபாப், வட கடலின் எக்கோஃபிஸ்க் ஆகிய வயல்களில், இயற்கை வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் நிலத்தடிக்குச் செலுத்த வைத்த கம்ப்ரசர்கள், முழுப் பளுவை ஏற்க முடியாமல் அதிர்ந்தன. வடிவமைத்தவர்கள் தேர்ந்தவர்கள்; பேலன்சிங்கில் குறை இல்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: அடர்ந்த வாயு ரோட்டாரை எவ்வளவு தள்ளும் என்ற அளவு.

1976இல் விண்வெளி ஓடத்தின் முதன்மை எஞ்சினுக்கும் இதேபோன்ற சோதனை வந்தது. அதன் உயர் அழுத்த ஹைட்ரஜன் பம்ப் நிமிடத்திற்குச் சுமார் 36,000 சுற்று ஓட வேண்டியது. தரைச் சோதனையில், ஓட்ட வேகத்தில் ஏறத்தாழ பாதி அதிர்வெண்ணில் ரோட்டார் சுழன்றாடியது. பேரிங் தாங்கிகளை விறைப்பாக்கியதோடு, கட்டங்களுக்கு இடையிலிருந்த படிக்கட்டு வடிவ லேபிரிந்த் சீல்களை எடுத்துவிட்டு வழவழப்பான நேர் சீல்களை வைத்தார்கள். நோய்க்கு ஒரு காரணமாக இருக்கக்கூடிய சீல், சரியாக வடிவமைத்தால் மருந்தாகவும் இருக்கும் என்று அந்த அனுபவம் காட்டியது. அந்த எஞ்சினின் சிக்கலை ஆராய்ந்த டாரா சைல்ட்ஸ், பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சீல்களின் விசையை அளப்பதையே பெரும்பணியாக்கிக்கொண்டார். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் பெங்கெர்ட், வாஹ்டர் இருவரும் லேபிரிந்த் சீல்களை அளந்து, நுழையும் வாயுவின் சுழற்சியே பெரும் காரணம் என்று 1980இல் எண்களோடு காட்டினார்கள். சீலின் வாசலில் சிறு தகடுகளை நிறுத்தி அந்தச் சுழற்சியை உடைக்கும் முறை அந்த அளவீடுகளின் வழியே உறுதிப்பட்டது.

இந்தியாவில் இத்துறையைக் கற்பித்தவர்களில் ஜே. எஸ். ராவ் முன்னோடி. 1983இல் வெளிவந்த அவருடைய ரோட்டார் டைனமிக்ஸ் நூலில் படித்து வந்தவர்கள் நம்மிடையே பலர்.

நம் மகேந்திரகிரியின் பாடம்

சீல் இடைவெளியின் இன்னொரு முகத்தை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-டி3 புறப்பட்டது. இந்தியாவிலேயே உருவாக்கி, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்த கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதுதான் முதல் பயணம். எஞ்சின் பற்றிக்கொண்டது, ஆனால் உந்துவிசை ஏறவில்லை. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

விழுந்ததைத் திறந்து பார்க்க வழியில்லை. கையில் இருந்தவை தொலைவிலிருந்து வந்து சேர்ந்த அளவுகள் மட்டுமே. திரவ ஹைட்ரஜனை முன்னுந்தும் எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்ப் நிமிடத்திற்கு 34,800 சுற்று வரை சரியாகவே ஏறியிருந்தது. 0.9 விநாடிக்குப் பிறகு வேகம் சரியத் தொடங்கி, அடுத்த 0.6 விநாடிக்குள் நின்றுவிட்டது. இஸ்ரோவின் ஆய்வுக் குழு இரண்டு சாத்தியங்களைச் சொன்னது: சீல் இருந்த ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு ரோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது அழுத்தமும் வெப்பத் தகைவும் மிகுந்து டர்பைனின் உறை வெடித்திருக்கலாம்.

சீல் ஏன் பிடிக்கக்கூடும் என்று இந்த அவை எளிதில் புரிந்துகொள்ளும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் சுருங்கும். துருப்பிடிக்காத எஃகு சுமார் 3 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் விட்டத்தில் இந்த இரண்டு உலோகங்களும் ஒன்றுக்குள் ஒன்று இருந்தால், சுருக்கத்தின் வித்தியாசம் மட்டுமே 0.1 மில்லிமீட்டர். சீலின் மொத்த இடைவெளியே அந்த அளவில் இருக்கக்கூடும். அறை வெப்பத்தில் ஃபீலர் கேஜ் சொன்ன கிளியரன்ஸ், ஓடும்போது இருக்கும் கிளியரன்ஸ் ஆகாது.

அதன்பின் குளிரில் பேரிங்கும் உறையும் சுருங்கி விரிவதைக் கணக்கில் எடுத்துப் பம்பைத் திருத்தி அமைத்தார்கள். மீண்டும் மீண்டும் தரையில் சோதித்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வென்றது. கசிவு குறைய வேண்டுமென்று இடைவெளியை இறுக்கினால் பிடிக்கும் ஆபத்து. தளர்த்தினால் கசிவு, கூடவே விசைகளின் கணக்கும் மாறும். இந்த இரண்டுக்கும் நடுவே பாதையைக் காட்டுவது அளவு ஒன்றுதான்.

எப்படி அளப்பது

இனி இந்தச் சொற்பொழிவின் மையத்துக்கு வருகிறேன். ஓடும் கம்ப்ரசரில் சீலின் விசையை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். பேரிங்கின் விசையும் இம்பெல்லரின் விசையும் கலந்துவிடும். அதனால் சீலுக்கென்றே சோதனை மேடை கட்டுகிறார்கள்.

முன்பு சொன்ன டெக்சாஸ் பல்கலைக்கழகத்துச் சோதனை மேடையின் முறை இது. ரோட்டாரை விறைப்பான பேரிங்குகளில் அசையாமல் ஓடவிடுகிறார்கள். சீலைத் தாங்கும் ஸ்டேட்டரை மிதக்கவிட்டு, செங்கோணத்தில் இரண்டு ஹைட்ராலிக் ஷேக்கர்களால் அதை ஆட்டுகிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு சீல்களை எதிரெதிராக வைத்து நடுவே வாயுவைச் செலுத்துவதால், நீளவாக்கில் எழும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ரோட்டார் விட்டம் 114.3 மில்லிமீட்டர், வாயு அழுத்தம் சுமார் 70 பார், வேகம் 20,200 சுற்று வரை. அந்த வேகத்தில் ஷாஃப்டின் மேற்பரப்பு விநாடிக்குச் சுமார் 121 மீட்டர் ஓடுகிறது.

ஆட்டும் விசை, ஸ்டேட்டரின் முடுக்கம், ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையிலான நகர்வு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பதிகிறார்கள். விசையிலிருந்து ஸ்டேட்டரின் நிறையால் வரும் பங்கைக் கழித்து, நகர்வால் வகுத்தால் கிடைப்பது சீலின் இயங்கு விறைப்பு. நகர்வோடு ஒத்துவரும் பகுதி விறைப்பைச் சொல்கிறது. கால் சுற்று முன்னால் நிற்கும் பகுதி தணிப்பைச் சொல்கிறது. ஒரு திசையில் ஆட்டினால் இரண்டு சமன்பாடுகள்தான் கிடைக்கும்; தெரியாதவை நான்கு. ஆகவே இரண்டு திசைகளிலும் தனித்தனியாக ஆட்ட வேண்டும். வாயு இல்லாமல் ஒருமுறை ஆட்டிப் பார்த்து, குழாய்களும் தாங்கிகளும் தரும் விறைப்பைக் கழிக்க வேண்டும்.

இதில் எங்கே சறுக்கும் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விறைப்புப் பகுதி மீட்டருக்கு 2 கோடி நியூட்டனாக இருக்கும் மேடையில், விசைக்கும் நகர்வுக்கும் இடையே ஒரே ஒரு டிகிரி கட்டப் பிழை வந்தாலும், தணிப்புப் பகுதியில் சுமார் 3.5 லட்சம் பிழை விழும். முன்பு சொன்ன 12.6 லட்சத்தோடு ஒப்பிடுங்கள். கால் பங்குக்கும் மேல். லோட் செல்லுக்கும் ப்ரோபுக்கும் வெவ்வேறு ஃபில்டர் போட்டால் அந்த ஒரு டிகிரி எளிதாக வந்துவிடும். எந்திரம் நிலைக்குமா நிலைக்காதா என்ற தீர்ப்பையே அது புரட்டிவிடும்.

ரோட்டாரின் விட்டம் வேகத்தில் பெருப்பதையும் அளக்க வேண்டும். நுழையும் வாயுவின் சுழற்சியை வேறு வேறு வழிகாட்டி வளையங்களால் மாற்றி மாற்றி அளக்க வேண்டும். உட்புறம் தேன்கூடுபோல் குழிகள் கொண்ட தேன்கூட்டுச் சீல் போன்றவற்றில் வாசலில் உள்ள இடைவெளியும் வெளியேறும் இடத்து இடைவெளியும் சற்றே வேறுபட்டாலும் விறைப்பின் குறியே மாறக்கூடும். ஆகவே இரு முனைகளிலும் அளவு வேண்டும்.

முழு எந்திரத்துக்கும் ஒரு தேர்வு உண்டு. எண்ணெய்த் துறைக் கம்ப்ரசர்களுக்கான ஏபிஐ 617 தரநிலை 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் நிலைப்புச் சோதனைக் கணக்கைக் கொண்டுவந்தது. மடக்கைத் தேய்வு 0.1க்குக் குறையக் கூடாது என்பது அதன் எதிர்பார்ப்பு. ரோட்டாரைத் தட்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்று பொருள். சீலின் விறைப்பும் தணிப்பும் தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.

இந்த வட்டாரம் செய்யக்கூடியது

70 பார் மேடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் 7 பார் அழுத்தக் காற்று தரும் ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் ஏராளம். ஒரு நல்ல மோட்டார், நான்கு ப்ராக்ஸிமிட்டி ப்ரோப், இரண்டு லோட் செல், இரண்டு மின்காந்த ஷேக்கர், பல சேனல் பதிவுக் கருவி: சிறு மேடைக்கு இவை போதும். குறைந்த அழுத்தத்தில் விசையும் குறைவாகவே இருக்கும். அதிக நேரம் ஆட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அதனால் என்ன, அளக்கும் ஒழுக்கம் கைவந்துவிடும். இங்கே உள்ள பொறியியல் கல்லூரிகளும் பட்டறைகளும் சேர்ந்தால் இதை ஓரிரு ஆண்டுகளில் கட்டலாம். சீலைக் கடைந்து தருபவருக்கும் அதிர்வைக் கணக்கிடும் மாணவருக்கும் இடையே இன்று பாலம் இல்லை. அந்த மேடையே பாலமாகும். இந்த அறக்கட்டளை அதற்கு முதல் உதவியைச் செய்ய வேண்டும் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

சீல் வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். டெண்டரில் கசிவு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். குறைந்தது மூன்று வேகம், மூன்று இடைவெளி, மூன்று நுழைவுச் சுழற்சிகளில் விறைப்பும் தணிப்பும் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அளப்பவர் உருவாவார்.

பழுது பார்க்கும் நண்பர்களிடம் மற்றொரு வேண்டுகோள். இதற்குப் பணமே தேவையில்லை. எந்திரத்தைத் திறந்ததும் சீலைத் துடைப்பதற்கு முன், வாயு நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் நான்கு நான்கு இடங்களில் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். உரசல் தடம் எந்தப் பக்கம், எத்தனை பற்களில் என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். துடைத்துக் கடைந்துவிட்ட பிறகு அந்தச் சான்று போய்விடும். அதே அதிர்வு அடுத்த ஆண்டு வந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பட்டறையிலும் இப்படி ஒரு பேரேடு தொடங்கினால், பத்து ஆண்டுகளில் எந்த வெளிநாட்டு நூலிலும் கிடைக்காத அறிவு இந்த வட்டாரத்திடம் இருக்கும். நாளைக் காலை திறக்கப்போகும் எந்திரத்திலேயே அதைத் தொடங்கலாம்.